முதியோருக்கு உகந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் என்ன?

வயதானவர் தனியாக வந்து, டாக்டரைப் பார்த்து, சொன்னது புரிந்து, மாத்திரையோடு பத்திரமாக வீடு திரும்ப முடிகிற ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2004-லேயே இதற்கு மூன்று விஷயம் சொன்னது: ஊழியர்களுக்குப் பயிற்சி, நிர்வாக நடைமுறை, கட்டடம்.

ஏன் தேவை? இளவட்டத்துக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தடவை வந்து போவதோடு சரி. எழுபது வயது ஆச்சிக்கு சர்க்கரை, பிரஷர், முழங்கால் வலி, கண்புரை எல்லாம் சேர்ந்தே இருக்கும், மாசாமாசம் வந்தாகணும். எங்கள் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பார்த்தேன்: வாசலில் மூன்று படி, பிடிக்கக் கம்பி இல்லை, உள்ளே பேர் கூப்பிட்டது ஆச்சிக்குக் கேட்கவில்லை, அப்புறம் கையில் கொடுத்த ரெண்டு மாத்திரையும் வெள்ளை, ரெண்டும் உருண்டை. காலையில் எது, ராத்திரி எது? அடுத்த மாசம் ஆச்சி வரவேயில்லை. இப்படி நின்றுபோகிறவர்கள்தான் நோய் முற்றிப் பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு ஓடவேண்டியிருக்கிறது.

கல்யாணத்துக்கு அப்புறம் மறுவீட்டில் போடும் சொதிச் சாப்பாட்டை (சொதி என்றால் தேங்காய்ப்பால் குழம்பு) நினைத்துப் பாருங்கள். சமையல் எல்லாருக்கும் ஒன்றுதான். பல் போன தாத்தாவுக்கு மட்டும் சோற்றைக் குழைத்து, பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவார்கள். சுகாதார நிலையமும் அப்படித்தான்: வைத்தியம் எல்லாருக்கும் ஒன்றுதான், வயதானவருக்குக் கொடுக்கிற விதம் மட்டும் மாறணும்.

2021-இல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பெரிய உதவிதான். ஆனாலும் டாக்டரைப் பார்க்க அந்தப் படியை ஏறித்தானே ஆகணும்.

முதியோருக்குத் தனி ஆஸ்பத்திரி கட்டுவதுதான் இது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இருக்கிற நிலையத்திலேயே ஒரு சாய்தளம், கைப்பிடிக் கம்பி, பெரிய எழுத்தில் மருந்துச் சீட்டு, கொஞ்சம் நிதானமான பேச்சு போதும்.