மயக்க மருந்துத் தாளில் உள்ள நேரம்தான் சாட்சி

கேள்வி: பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் தம்பிக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை. நடுவில் தாடை இறுகி, உடம்பு கொதித்து, 12 நாள் ஐசியூவில் கிடந்தான். சிறுநீரகம் கெட்டு இப்போது டயாலிசிஸ். எங்கள் சித்தப்பா முன்பு அறுவை சிகிச்சை மேசையிலேயே இறந்தவர். அதை அம்மா நர்ஸிடம் சொல்லியிருந்தார். "அபூர்வமாக வருவது, யாருக்கும் தெரிந்திருக்காது" என்கிறார்கள். வழக்குப் போடலாமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: சகோதரி, அவர்கள் சொல்வதில் பாதி சரி. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியாவைக் காட்டுகின்றன; சில மயக்க மருந்துகளால் தசை இறுகி உடம்பு கொதிக்கும் ஆபத்து அது. செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்களும் சக்சமெத்தோனியம் ஊசியும் இதைத் தூண்டும். வந்ததற்காக மட்டும் யாரையும் பொறுப்பாக்க முடியாது. எப்போது கண்டுகொண்டார்கள் என்பதில்தான் வழக்கு நிற்கும்.

"காய்ச்சல் ஏறியதும் மருந்து கொடுத்தோம்" என்று பதில் வரலாம். அதில் மயங்கிவிடாதீர்கள். காய்ச்சல் பெரும்பாலும் பிந்தித்தான் வரும். மூச்சில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு காரணமின்றி ஏறுவதும், இதயத்துடிப்பு கூடுவதும், தாடை இறுகுவதும்தான் முன்னோடிகள். இந்த எண்கள் மயக்க மருந்துத் தாளில் நேரத்தோடு இருக்கும். அவை ஏறிய நேரம், வாயுவை நிறுத்திய நேரம், இதற்கான மாற்று மருந்தான டான்ட்ரோலின் செலுத்திய நேரம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் டோஸ் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், 20 மில்லிகிராம் குப்பி என்றால் 70 கிலோ ஆளுக்கு ஒன்பது வேண்டும். அத்தனையும் அங்கேயே இருந்ததா?

சித்தப்பா விஷயம் இன்னும் பலமானது. குடும்பத்தில் இது இருக்கலாம் என்று தெரிந்திருந்தால், இதைத் தூண்டாத மருந்துகளால் மயக்கியிருக்கலாம். யாரிடம், எப்போது சொன்னார் என்று அம்மாவை இன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

தம்பியின் கையெழுத்தோடு முழுப் பதிவுகளையும் கேளுங்கள். மறுத்தால் வழக்குக்கு முன்பே நீதிமன்றத்தை நாடலாம். வேறொரு மயக்கவியல் நிபுணரின் கருத்து இல்லாமல் இறங்காதீர்கள். "மயக்க மருந்து கொடுத்தவர் வெளி டாக்டர், எங்கள் ஊழியர் அல்ல" என்று மருத்துவமனை கைகழுவப் பார்த்தால், 2024-இல் மலேசியக் கூட்டரசு நீதிமன்றம் தந்த தீர்ப்பு உங்களுக்குத் துணை. தனியார் மருத்துவமனைக்கே நோயாளி மீது நேரடிக் கடமை உண்டு என்றது அது. வழக்குத் தொடர 6 ஆண்டு அவகாசம். அரசு மருத்துவமனையாக இருந்திருந்தால் 36 மாதம்தான்.

அப்புறம் ஒன்று. இது பரம்பரையாக வருவது. இந்த மரபணுக் கோளாறு உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. நீங்களும் மரபணுப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முழு மயக்கம் கொடுக்கும் எந்த சிகிச்சைக்கும் முன் எழுத்தில் தெரிவியுங்கள். பல் பிடுங்கப் போடும் மரப்பு ஊசிக்கு இந்தப் பயம் வேண்டாம்.