ஒழுகும் ஓட்டுக்குப் பி.எஃப். பணமா?

கேள்வி (சுருக்கம்): எனக்கு வயது 46. சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் 21 வருடமாக வேலை. அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய். பி.எஃப்.பில் 11 லட்சம் இருக்கிறது. இந்த வருடம் கம்பெனியில் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கொண்டுவந்திருக்கிறார்கள், என் சம்பளத்திலிருந்தே பிரித்து மாதம் 6,000 போடுவார்கள். பங்குச் சந்தைக்கு 50 சதவீதம் வைப்பதா, 75 வைப்பதா, பிரிப்பதைத் திட்டமே பார்த்துக்கொள்ளும் எல்.சி.75 என்று விட்டுவிடுவதா? மச்சான் ஒரு கேரண்டி பென்ஷன் பாலிசி எடுக்கச் சொல்கிறார். தேவகோட்டைப் பக்கம் பாட்டையா கட்டிய வீட்டில் எங்களுக்கு எட்டில் ஒரு பங்கு. மராமத்துக்காக 35 வயதில் ஒன்றரை லட்சம், 40இல் இரண்டரை, போன வருடம் மூன்றரை என்று பி.எஃப்.பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். கூட்டு வீடு என்பதால் வீட்டுக்கென்று கேட்க முடியவில்லை, மருத்துவச் செலவு என்று போட்டேன். இப்போது ஓடு ஒழுகுகிறது, மொத்த மதிப்பீடு பத்தரை லட்சம். பங்காளிகளில் சிலர் வெளிநாட்டில். பெரியப்பச்சி (பெரியப்பா) மகன், எனக்கு அண்ணன் முறை, மறுபடியும் மூன்றரை லட்சம் கேட்கிறார். "உனக்கென்னப்பா, சம்பளக்காரன், பி.எஃப். இருக்கு" என்கிறார். இல்லை என்றால் பங்காளிகளிடம் பேச்சு வாங்க வேண்டும். மகள் பிளஸ் டூ. வீட்டுச் செலவு மாதம் 35,000. கடைசியில் பென்ஷன் வருமே என்ற தைரியத்தில் இருக்கிறேன்.

பதில்: 50-ஆ 75-ஆ என்பதற்கு உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கம் போயிருக்கிறது. அந்தக் கேள்வி எத்தனை ரூபாய் பெறும் என்று முதலில் பார்த்துவிடுவோம். மாதம் 6,000 என்றால் வருடம் 72,000. 58 வயது வரை 12 வருடம். பங்கு 11 சதவீதமும் கடன் பத்திரம் 7 சதவீதமும் தரும் என்று வைத்துக்கொண்டால், பாதிப்பாதியாகப் பிரித்தால் ஏறக்குறைய 14.5 லட்சம் சேரும். 75 சதவீதம் பங்கில் போட்டால் 15.4 லட்சம். நீங்கள் தூக்கம் கெட்டு யோசிக்கிற வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் குறைவு.

இப்போது கடிதத்தில் நாலு வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயத்துக்கு வருகிறேன். பி.எஃப். வட்டி 8 சதவீதம் என்றால் பணம் 9 வருடத்தில் இரட்டிக்கும். 35 வயதில் எடுத்த ஒன்றரை லட்சம் உள்ளேயே இருந்திருந்தால் 58இல் 8.8 லட்சம் ஆகியிருக்கும். 40இல் எடுத்த இரண்டரை, நாலு மடங்காகி 10 லட்சம். போன வருடத்து மூன்றரை, 9.5 லட்சம். மூன்றையும் கூட்டினால் 28 லட்சம். கையில் எடுத்தது ஏழரை லட்சம்தான். இப்போது கேட்கிற மூன்றரையையும் கொடுத்தால் 58இல் இன்னொரு 8.8 லட்சம் இருக்காது.

இருப்பதை வைத்துக் கணக்குப் போடுவோம். பி.எஃப்.புக்கு மாதம் உங்கள் பங்கு 7,200. கம்பெனி பங்கில் பென்ஷனுக்கு 1,250 போக 5,950. மாதம் 13,150 பி.எஃப்.பில் விழுகிறது. 12 வருடத்தில் அது வட்டியோடு 30 லட்சம், இப்போதுள்ள 11 லட்சம் 27.7 லட்சமாகும். மொத்தம் 58 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. சம்பளம் ஏறினால் இன்னும் கொஞ்சம் கூடும். இதை 7 சதவீதத்தில் போட்டால் மாதம் 34,000 வரும். உங்கள் செலவோ, விலைவாசி 6 சதவீதம் ஏறினால் அன்றைக்கு 70,000 ஆகியிருக்கும்.

பென்ஷன் வருமே என்கிறீர்கள். அதிகப் பென்ஷனுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்திருக்காவிட்டால் கணக்கு 15,000 ரூபாய் சம்பளத்தின் மேல்தான். 33 வருட சர்வீஸ், போனஸாக 2 வருடம் சேர்த்து 35. பதினைந்தாயிரத்தை 35ஆல் பெருக்கி 70ஆல் வகுத்தால் 7,500. மாதம் 7,500 ரூபாயை நம்பித்தான் தைரியமாக இருந்திருக்கிறீர்கள். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் 57இல் தெரிவதைவிட 46இல் தெரிவது நல்லது.

மருத்துவம் என்று போட்டு எடுத்தேன் என்பதையும் சும்மா விட முடியாது. கூட்டு வீட்டுக்குக் கொடுக்க விதியில் இடமில்லை என்று தெரிந்துதான் வேறு காரணம் போட்டிருக்கிறீர்கள். பொய்க் காரணத்துக்கு எடுத்த பணத்தை அபராத வட்டியோடு திருப்பிக் கேட்க பி.எஃப். அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. போனிலேயே விண்ணப்பித்து நாலைந்து நாளில் பணம் வந்துவிடுவதால் இது ஏதோ சேமிப்புக் கணக்கு மாதிரி ஆகிவிட்டது. இனி ஒரு தடவைகூட வேண்டாம்.

வீட்டின் மேல் உங்களுக்குள்ள பற்று எனக்குப் புரிகிறது. நானும் செட்டிநாட்டுப் பக்கத்துக்காரன். பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்து வளர்ந்தவனுக்கு வளவில் (வீட்டு நடுமுற்றத்தில்) மழைத்தண்ணீர் நிற்பதைக் காணப் பொறுக்காது. ஆனால் அந்த வீடுகள் எந்தப் பணத்தில் எழுந்தன? பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கடை வைத்து வந்த வரும்படியில். 1930களில் நெல் விலை விழுந்தது, 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்தான், வரும்படி நின்றது. வீடு மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. மூன்று நாட்டு வரும்படி கட்டிய வீட்டை ஒரு மாதச் சம்பளக்காரரின் பி.எஃப். எப்படித் தாங்கும்? அந்தப் பெரியவர்கள் பேரேட்டில் முதல் பணத்தைத் தனியாகவும் அதற்கு மேல் உள்ள மேம்பணத்தைத் தனியாகவும் எழுதினார்கள். ஓடு மாற்றுகிற செலவு முதலிலிருந்து போவதை அவர்கள் சம்மதித்திருக்க மாட்டார்கள். உங்கள் பி.எஃப். உங்களுடைய முதல்.

மொத்த மதிப்பீடு பத்தரை லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். எட்டில் ஒரு பங்கு 1.3 லட்சம். மூன்றில் ஒரு பங்கை உங்களிடம் கேட்கிறார்கள். முந்தின மூன்று தடவையும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். வெளிநாட்டில் இருக்கிற பங்காளிகள் கொடுக்காததை நீங்கள் ஈடுகட்டுகிறீர்கள், அது எங்கேயும் எழுதப்படவில்லை. நாளைக்குப் பாகம் பிரித்தாலும் உங்களுக்கு வரப்போவது அதே எட்டில் ஒன்று.

அந்த 1.3 லட்சத்தைக் கொடுங்கள், சம்பளத்திலிருந்து. மாதம் 5,000 வீதம் வங்கியில் இரண்டு வருட ஆர்.டி. போட்டால் வட்டியோடு 1.28 லட்சம் வரும். கொத்தனார் இரண்டு வருடம் காத்திருக்க மாட்டார் என்றால் இந்த மழைக்கு முன் ஒழுகுகிற பக்கத்து ஓடுகளை மட்டும் மாற்றச் சொல்லுங்கள், மரவேலையும் பூச்சும் அடுத்த வருடம்.

இனி என்.பி.எஸ். எல்.சி.75 என்ற பெயரைப் பார்த்து முக்கால் பங்கு சந்தையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அது 35 வயது வரைதான். பிறகு 45 வயது வரை வருடத்துக்கு 4 சதவீதம் குறையும், அதன் பின் கொஞ்சம் மெதுவாக. 46இல் 32, 55இல் 15 சதவீதம்தான் பங்கு. உங்கள் பி.எஃப். பெரும்பாலும் கடன் பத்திரத்தில் இருக்கிற பணம். 11 லட்சம் அங்கே இருக்கும்போது என்.பி.எஸ்.ஸிலும் கடன் பத்திரத்தைச் சேர்ப்பதில் அர்த்தம் இல்லை. நீங்களே பிரித்துக்கொள்ளும் முறையை எடுத்து, பங்குக்கு 75 வையுங்கள். சந்தை விழுகிற வருடத்தில் தொடாமல் இருக்க முடியாது என்று தோன்றினால் 60 வையுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. 54 வயதில் மறுபடி பாருங்கள். வருடம் இரண்டு தடவை மாற்றுகிற ஆசை வேண்டாம்.

மச்சானின் கேரண்டி பாலிசி வேண்டாம். கட்டுகிற பணத்தையும் வருகிற பணத்தையும் தேதிவாரியாக எழுதி வட்டி கண்டுபிடித்துப் பாருங்கள். இந்த வகைப் பாலிசிகள் பெரும்பாலும் 5, 6 சதவீதத்தில் நின்றுவிடும். 2024-25க்கு பி.எஃப். கொடுத்தது 8.25. ஆர்.டி. முடிந்த பிறகு அந்த 5,000ஐ அப்படியே வி.பி.எஃப்.பில் (பி.எஃப்.பில் நாமாக விரும்பிக் கூடுதலாகப் போடுவது) திருப்பிவிடுங்கள். உங்கள் பங்கு வருடம் இரண்டரை லட்சத்தைத் தாண்டாத வரை வட்டிக்கு வரி கிடையாது. நீங்கள் அதற்குப் பாதிப் பக்கத்தில்தான் இருப்பீர்கள்.

அடுத்த வருடம் மகளின் கல்லூரிக் கட்டணம் வரும்போது இதே பி.எஃப். கண்ணில் படும். கல்விக் கடனுக்கு இப்போதே உங்கள் வங்கிக் கிளையில் பேசி வையுங்கள்.

அண்ணனிடம் போனில் பேச வேண்டாம், வார்த்தை தடித்துவிடும். படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கும் சடங்குக்கு) பங்காளிகள் கூடும் நாளில், யார் எந்த வருடம் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு சிட்டையில் எழுதி எடுத்துப் போங்கள். உங்கள் ஏழரை லட்சம் முதல் வரியில் இருக்கட்டும். எட்டுப் பங்குக்கும் இவ்வளவு, என் பங்கு 1.3 லட்சம், இரண்டு தவணையில் தருகிறேன் என்று பெரியவர்கள் முன்னால் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அந்தச் சிட்டையைப் படம் எடுத்து அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.