பொலிட்டிக்கல் காம்பஸில் இரண்டு முறை இரண்டு இடம்: எது சரி?

பொலிட்டிக்கல் காம்பஸ் என்பது நம் அரசியல் கருத்துகளை ஒரு வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும் இணையத் தேர்வு; குறுக்கே பொருளாதார இடது–வலது, கீழிருந்து மேலாகத் தனிமனித சுதந்திரம்–அதிகாரம். அதில் முதல் முறை இடதுகீழ் மூலை, அடுத்த முறை கிட்டத்தட்ட நடு வந்தது, எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒற்றைப் புள்ளியாக இரண்டையும் நம்பாதீர்கள்.

அதிலுள்ள 62 கூற்றுகளுக்கும் நான்கே விடைகள், ‘தெரியாது’ கிடையாது. கருத்தே இல்லாத விஷயத்திலும் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும். அந்த விடைகள்தான் நாளுக்கு நாள் மாறும். கூற்றுகளின் சொல்லமைப்பும் ஒரு பக்கம் தள்ளும். முதல் கூற்றே, உலகமயம் தவிர்க்க முடியாததென்றால் அது பன்னாட்டு நிறுவனங்களைவிட மனிதகுலத்துக்கே முதன்மையாகப் பயன்பட வேண்டும் என்கிறது. தாராளச் சந்தையை ஆதரிப்பவர்கூட இதை எப்படி மறுப்பார்?

இப்படிச் செய்யுங்கள். மறுபடி போடும்போது எல்லா விடைகளையும் தாளில் எழுதி, தடுமாறியவற்றுக்குக் குறி போடுங்கள். பிறகு குறி போட்டவற்றை மட்டும் ஒருமுறை முழுக்க ‘ஏற்கிறேன்’, ஒருமுறை முழுக்க ‘மறுக்கிறேன்’ என்று மாற்றிப் பாருங்கள். புள்ளி எவ்வளவு நகர்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்துக்கு அந்த முடிவு நிலையற்றது.

நடுவில் வந்ததால் மிதவாதி என்று அர்த்தமில்லை. வரி விஷயத்தில் தீவிர இடது, வணிகக் கட்டுப்பாட்டில் தீவிர வலது என்றிருந்தால் இரண்டும் கழிந்து நடுவில்தான் நிற்கும். அதனால் மொத்தப் புள்ளியைவிட, தடுமாறாமல் ‘உறுதியாக’ என்று குறித்த விடைகளைப் படியுங்கள்.

இதற்குப் பதில் வேறு தேர்வு போட நினைத்தால், அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் 2021 அரசியல் வினாடிவினா, பதில் சொல்பவர்களை 9 குழுக்களாகப் பிரிக்கிறது. அவை அமெரிக்கர்களிடம் எடுத்த கணிப்பிலிருந்து உருவானவை. வேறு நாட்டவருக்கு அந்தக் குழுக்கள் பொருந்தாது.