கவருக்குள் வந்த கீறல்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். எட்டு மாதத்துக்கு முன் தவணைமுறையில் கறுப்பு நிற ஐபோன் 16 ப்ரோ ஒன்று வாங்கினேன். தவணை இன்னும் முடியவில்லை. வாங்கிய அன்றே திரைக்கு ஒரு பிளாஸ்டிக் படலம், அதற்கு மேல் டெம்பர்ட் கிளாஸ், கமராவுக்குத் தனிக் கண்ணாடி, தடித்த கவர் எல்லாம் போட்டுவிட்டேன். கிளாஸை மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். பஸ்ஸில் போனால் ஸிப் பைக்குள் வைப்பேன். இரவில் சானிடைசர் தொட்டுத் துடைப்பேன். கவரை மட்டும் கழற்றியதே இல்லை.

போன ஞாயிறு கழற்றிப் பார்த்தால், கீழ் மூலையில் சட்டம் மங்கி, அதில் மெல்லிய கோடு ஒன்று. பின்பக்கக் கண்ணாடியில் வெள்ளை வளையம். ஒருநாளும் கீழே விழாத போனில் இது எப்படி வந்தது? பற்பசை அல்லது பிராசோ போட்டுத் தேய்த்தால் போகுமா? விற்கும்போது விலை குறையுமா? இன்னொன்று: என் பழைய ஐபோன் 12 பெட்டியோடு புதிதுபோல அலுமாரியில் இருக்கிறது. முழுச் சார்ஜ் போட்டு அணைத்து வைத்திருக்கிறேன். சரிதானே? சனிக்கிழமைகளில் மட்டும் புதுப் போனை மோட்டார் சைக்கிள் ஹாண்டிலில் மாட்டி வரைபடம் பார்ப்பேன்.

மனைவி, "அதைச் சாமித் தட்டில வைச்சுப் பூப் போடுங்கோ" என்று பகிடி பண்ணுகிறா. எனக்கு நித்திரை வருகுதில்லை.

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கீறல் வந்தது கவரால்தான். இன்னும் சரியாகச் சொன்னால், கவரைக் கழற்றாததால்.

கண்ணாடியையும் உலோகத்தையும் கீறுவது பெரும்பாலும் சாவியோ நாணயமோ அல்ல, மண். மணலில் இருக்கும் குவாட்ஸ் என்ற கனிமத்தின் கடினம், 1 முதல் 10 வரை கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. போன் கண்ணாடிகளில் 6 அளவில் கோடு விழத் தொடங்கும், 7 அளவில் ஆழமாகவே விழும். சாதாரண உருக்குக் கத்தி 5½ அளவில் நின்றுவிடுகிறது. ஆகவே காற்சட்டைப் பையில் சாவிக்கொத்தோடு கிடந்த போனில் கீறல் இருந்தால், சாவியைத் திட்டுவதற்கு முன் பையை உட்புறம் வெளியே திருப்பிப் பாருங்கள். மடிப்பில் தங்கியிருக்கும் நாலு மணல்தான் பெரும்பாலும் குற்றவாளி. வெள்ளவத்தைக்காரருக்குக் கடற்கரை மணலுக்குப் பஞ்சமில்லை. காலி வீதித் தூசியிலும், பூசிய சுவரில் இருந்து உதிரும் பொடியிலும் அதே குவாட்ஸ் உண்டு.

உங்கள் போனின் சட்டம் ஐந்தாம் தர டைட்டேனியம், அதாவது சுமார் 6 வீதம் அலுமினியமும் 4 வீதம் வனேடியமும் கலந்த கலப்புலோகம். விண்கலத்துக்குப் போடும் உலோகம் என்று விளம்பரத்தில் சொல்வார்கள். ஆனால் நீங்கள் பார்க்கும் கறுப்பு, அந்த உலோகத்தின் மேல் இருக்கும் மைக்ரோன் கணக்கான பூச்சு. கவருக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு மணல் புகுந்துவிட்டால் வெளியே வர வழியில்லை. நீங்கள் பொத்தானை அமுக்கும்போதும், பையில் இருந்து இழுக்கும்போதும் கவர் ஒரு மயிரிழை அசையும். மணலும் அதோடு அசையும். எட்டு மாதம் அதே இடத்தில் அசைந்தால் பூச்சு மங்கும், இடையில் ஒரு கோடும் விழும். இறுக்கமான, மூலை தடித்த கவர்களில்தான் இது கூடுதல். மூலைகள்தான் போனை இறுகப் பிடித்துக்கொள்கின்றன, அங்கேதான் மண்ணும் சிறைப்படுகிறது.

செய்ய வேண்டியது சுலபம். வாரம் ஒருமுறை கவரைக் கழற்றுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, இளஞ்சூட்டு நீர், விரலால் தேய்த்துக் கழுவி நிழலில் முற்றாகக் காய வையுங்கள். ஈரத்தோடு திரும்பப் போடுவது மண்ணோடு போடுவதைவிட மோசம். போனுக்கு முதல் வேலை துடைப்பதல்ல, ஊதுவது. கமராக்காரர் வைத்திருக்கும் ரப்பர் குமிழ் ஊதுகருவி ஒன்று போதும். வாயால் ஊதினால் எச்சில் போகும். டப்பியில் வரும் அழுத்தக் காற்று வேண்டாம், ஆப்பிளே அதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஊதிய பின் மூலைகளிலும் கமரா வளையங்களைச் சுற்றியும் ஒட்டுநாடாத் துண்டால் ஒற்றி எடுங்கள். அதற்குப் பிறகுதான் துணி. மைக்ரோஃபைபர் துணியை நீர் தொட்டு, பிழிந்து, அழுத்தாமல் ஒரே திசையில் இழுக்க வேண்டும். வட்டம் வட்டமாகத் தேய்ப்பது மண்ணை வட்டம் வட்டமாக ஓட்டுவதுதான். அந்தத் துணியையும் துவையுங்கள். துணி மிருதுவாக்கி சேர்க்காதீர்கள், அதன் எண்ணெய்ப் படிவு திரையில் புகைபோல ஏறும்.

கவர் தேவையில்லை என்று சொல்லவில்லை. கொழும்பில் நடைபாதைக் கல்லில் மூலைகுத்தி விழும் போனுக்குக் கவர் இருந்தே ஆக வேண்டும். அது விழுகையில் இருந்து காக்கும் பொருள், உரசலில் இருந்து காக்கும் பொருள் அல்ல. இரண்டையும் ஒன்றாக நினைத்ததுதான் உங்கள் எட்டு மாத ஏமாற்றம்.

இப்போது அந்த மங்கலைச் சோதியுங்கள். நகத்தால் குறுக்கே மெதுவாக வருடினால் தட்டுப்படுகிறதா? தட்டுப்படாவிட்டால் அது கீறலே அல்லாமல் இருக்கலாம். டைட்டேனியத்தை விட மென்மையான உலோகம் உரசிப் படிந்த தடமாக இருக்கும், அல்லது கை எண்ணெயாக இருக்கும். கை எண்ணெய் பட்டால் டைட்டேனியச் சட்டத்தின் நிறம் மாறித் தெரியும். சற்று ஈரமான துணியால் துடைத்தால் பழைய நிறம் வந்துவிடும். பின்பக்க வெள்ளை வளையமும் அநேகமாக இதே கதை. கவருக்குள் இருக்கும் காந்த வளையம் அழுத்திய இடத்தில் தூசியும் எண்ணெயும் படிந்த அடையாளம். 70 வீத ஐசோபுரோப்பைல் அல்ககோல் துடைப்பான் ஒன்றால் இரண்டு தரம் ஒற்றித் துடையுங்கள். பெரும்பாலும் போய்விடும்.

பற்பசையும் பிராசோவும் வேண்டவே வேண்டாம். இரண்டிலும் இருப்பது தேய்க்கும் பொடி. சட்டத்தில் போட்டால் சிறு கோடு இருந்த இடத்தில் விரலளவு பளபளப்பு வரும், கறுப்புப் போனில் அது பத்தடி தூரத்தில் தெரியும். கண்ணாடியில் போட்டால் விரல்ரேகை பிடிக்காமல் இருக்கத் தடவிய மேற்பூச்சு போய்விடும்.

உங்கள் சானிடைசர் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல இருக்கிறது. ஜெல் சானிடைசரில் அல்ககோலோடு கிளிசரினும் வாசனையும் கலந்திருக்கும். அல்ககோல் பறந்துவிடும், மிச்சம் ஒலிபெருக்கி வலையில் பிசினாகத் தங்கும். தூசி அதில் ஒட்டும், பிறகு "சத்தம் குறைஞ்சு போச்சு" என்று கடைக்குப் போக வேண்டும். தினமும் துடைக்க வெறும் ஈரத்துணி போதும். அல்ககோல் துடைப்பான், போன் அழுக்கானபோது மட்டும். விரல்ரேகை பிடிக்காத அந்த மேற்பூச்சு இருக்கிறதா என்று பார்க்கக் கிளாஸையும் படலத்தையும் கழற்றிய வேளையில் வெறுந்திரையில் ஒரு துளி நீர் விடுங்கள். முத்துப்போல உருண்டு நின்றால் இருக்கிறது, பரந்து படுத்தால் தேய்ந்துவிட்டது.

கிளாஸை மாதாமாதம் மாற்றுவது வீண் செலவு மட்டுமல்ல, ஒவ்வொரு மாற்றமும் ஓர் ஆபத்து. கடைகளில் அவசரத்துக்கு உலோகத் தகட்டால் நெம்புவார்கள். சட்டத்தின் விளிம்பில் பொடிப்பொடி வெட்டுகள் வருவது அதனால்தான். கழற்றுவதானால் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றின் மூலையைக் கீழ்ப்பக்கத்தில் நுழைத்து, ஒட்டு தானாக விடும்வரை மெதுவாக நகர்த்துங்கள். நாட்காட்டியைப் பார்த்து மாற்றாதீர்கள். வெடிப்பு விளிம்பைத் தொட்டிருந்தால், விரல் தொடுகை தவறினால், கண்ணுக்கு நேரே கீறல் வந்தால் மாற்றுங்கள்.

பெட்டியில் "9 எச்" என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பி ஏமாற வேண்டாம். அது பென்சில் கடினச் சோதனையின் அளவு, மோஸ் அளவு அல்ல. 9 எச் பென்சில் கீறவில்லை என்றுதான் பொருள். மணல் தாராளமாகக் கீறும். கீறட்டும், அதற்குத்தானே ஒட்டினோம். அடியில் இருக்கும் பிளாஸ்டிக் படலத்தை அடுத்த முறை எடுத்துவிடுங்கள். இரண்டு அடுக்கு ஒட்டினால் விளிம்பு எழும்பும், எழும்பிய இடத்தில் மண் சேரும். உங்கள் போனின் திரை தட்டையானது, ஆகவே புற ஊதா விளக்கில் இறுக்கும் திரவப் பசையும் தேவையில்லை. அந்தப் பசை காதுப்பக்க ஒலித்துளைக்குள் வழிந்து இறுகினால் திரும்பி வராது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒட்டுவதென்றால் வீதியோரத் தட்டில் அல்ல, கடைக்கு உள்ளே, மின்விசிறியை நிறுத்தச் சொல்லி ஒட்டுங்கள். வீட்டில் என்றால் சுடுநீரில் குளித்து முடித்த குளியலறை நல்ல இடம். ஆவி தூசியைக் கீழே படிய வைத்திருக்கும்.

கமராவின் தனிக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். இரவில் தெருவிளக்கைப் படம் எடுத்தால் வரும் பேய் வெளிச்சம் பெரும்பாலும் அதனால்தான், போனின் குறை அல்ல. கமராவுக்கு ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: சீமெந்துத் திண்ணையிலும் சமையலறைக் கிரனைட்டிலும் போனை மல்லாத்தி வைத்து இழுப்பது. கிரனைட்டிலும் குவாட்ஸ் உண்டு. கவரின் விளிம்பு கமராவை விடச் சற்று உயர்ந்திருந்தால் போதும்.

ஸிப் பை மழைக்கு நல்லது. குளிரூட்டிய அலுவலகத்தில் இருந்து புழுக்கத்துக்கு வரும்போதும் நல்லதே: குளிர்ந்த போனில் வெளிக்காற்றின் ஈரம் வியர்க்கும், உள்ளேயே மூடிக்கொண்டு வந்தால் அது பையின் வெளிப்பக்கத்தில் வியர்க்கும். ஆனால் வரைபடமோ ஹாட்ஸ்பாட்டோ ஓடும்போது பைக்குள் வைத்தால் சூடு வெளியேறாது.

அந்தச் சூடுதான் உங்கள் நித்திரையைக் கெடுத்திருக்க வேண்டிய விடயம். போனில் உண்மையில் கிழடாவது பற்றரி. ஐபோன் 15இல் இருந்து வந்த மாதிரிகளுக்கு 1,000 சார்ஜ் சுற்றுக்குப் பின்னும் 80 வீதக் கொள்ளளவு நிற்க வேண்டும் என்பது ஆப்பிளின் கணக்கு, அதுவும் உகந்த நிலையில். உங்கள் பழைய 12க்கு அது 500. ஒரு சுற்று என்பது ஒருமுறை செருகுவது அல்ல, மொத்தம் 100 வீதம் செலவழிவது. போன் இயங்க ஏற்ற சுற்றுப்புற வெப்பம் 35 பாகை செல்சியஸ் வரை. கொழும்பில் நண்பகல் நிழலே 31, 32. வெயிலில் பூட்டிய காரின் முன்தட்டைச் சொல்லத் தேவையில்லை. தடித்த கவரோடு கம்பியில்லாச் சார்ஜில் வைப்பதும், தலையணைக்கு அடியில் சார்ஜ் போடுவதும் அதே வகை. போனின் செட்டிங்ஸில் பற்றரிப் பகுதிக்குப் போய், சார்ஜ் உச்சவரம்பை 80 வீதத்தில் வையுங்கள். நாள் ஓடாவிட்டால் 90. இடைக்கிடை அது தானாக 100க்குப் போகும், கணக்கைச் சரிபார்க்கத்தான், பயப்படாதீர்கள்.

விலை கேட்டீர்கள். பம்பலப்பிட்டியிலோ கொள்ளுப்பிட்டியிலோ பழைய போன் வாங்குபவர் விபரமானவர் என்றால் முதலில் திறப்பது பற்றரி வீதத்தை. அடுத்து செட்டிங்ஸில் "பொது", "அறிமுகம்" பகுதிக்குப் போய், பாகம் ஏதும் மாற்றப்பட்டதா என்று பார்ப்பார். பிறகு *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ இலக்கத்தை, அதாவது போனின் தனி அடையாள இலக்கத்தை, பெட்டியோடு ஒப்பிடுவார். கவர் போட்டால் மறையும் ஒரு மூலைக் கோட்டுக்குப் பேரம் பேசத்தான் செய்வார், ஆனால் திறந்து மூடிய போனுக்கும் 80க்குக் கீழே போன பற்றரிக்கும் வெட்டும் விலையோடு அதை ஒப்பிட முடியாது. ஆகவே அந்தக் கோட்டுக்காகச் சட்டம் மாற்றித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். திறந்தால் நீர்காப்பு ஒட்டுப்பட்டை அறும். ஐபி68 என்ற நீர், தூசி தாங்கும் தரம், 6 மீற்றர் ஆழம், 30 நிமிடம் என்பதெல்லாம் புதுப் போனுக்கும் நன்னீருக்கும் சொன்னது, கடல்நீருக்கு அல்ல.

கடலோரத்தில் இருப்பதால் ஒன்று: சார்ஜ் துவாரத்தில் உப்புப் படிந்தால் அது காற்றின் ஈரத்தை இழுக்கும், நீரே படாமல் "திரவம் உள்ளது" என்று எச்சரிக்கும். கேபிளை இரு முனையிலும் கழற்றி, துவாரம் கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, காற்றோட்டத்தில் வையுங்கள். அரை மணி கழித்துப் பார்க்கலாம், சிலவேளை ஒரு நாள் எடுக்கும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தவிடு துவாரத்துக்குள் போகும். பஞ்சு, ஊசி, தலைமுடி உலர்த்தி மூன்றும் வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் விடயம் கீறலை விடப் பெரிது. உயர்வலு மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹாண்டில் வழியே ஏறினால் படம் ஆடாமல் காக்கும் கமராவின் அசைவுச்சீர் பொறிமுறையும் குவியமும் கெடலாம் என்று ஆப்பிள் 2021இலேயே எச்சரித்தது. லென்ஸோ ஒளியுணரியோ உள்ளே அசையும் அமைப்பு அது. சிறிய ஸ்கூட்டராக இருந்தாலும் அதிர்வு தாங்கும் பிடி போட்டு, நீண்ட நேரம் ஓடாதிருக்கச் சொல்கிறார்கள். போனைச் சேர்ட் பைக்குள் போட்டு, வழியைக் காதில் கேட்டுப் போங்கள்.

பழைய 12ஐ முழுச் சார்ஜில் வைத்தது பிழை. நீண்டகாலம் நிறைந்து கிடக்கும் பற்றரி கொள்ளளவு இழக்கும், முற்றாக வடிந்து கிடப்பது திரும்பச் சார்ஜ் ஏற்காமலே போகலாம். இன்றே எடுத்து 50 வீதத்துக்கு இறக்கி, அணைத்து, 32 பாகைக்குக் குறைந்த இடத்தில் வையுங்கள். மேல்மாடிக் கொங்கிறீற் தட்டுக்கு அடியில் நிற்கும் அலுமாரி என்றால் கீழ்த் தட்டுக்கு மாற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துத் திரும்பவும் 50க்கு ஏற்ற வேண்டும், பெட்டி மூடியில் திகதியைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். விற்கும் எண்ணம் இருந்தால் ஆறு மாதம் காத்திருக்காமல் இப்போதே விற்பது இலாபம்.