பதில்: முடியைப் பிடுங்கிக்கொள்ளும் புது சிம்பன்சி

வீட்டுக் கூண்டில் தனியாக வளர்ந்து உங்கள் காப்பகத்துக்கு வந்த 6 வயதுப் பெண் சிம்பன்சி, கை முடியைப் பிடுங்கிக்கொண்டு ஆடிக்கொண்டே இருக்கிறது, உடனே கூட்டத்தோடு விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். சிம்பன்சிக் குட்டி 4, 5 வயது வரை தாய்ப்பால் குடிக்கும். அதற்குப் பிறகும் தாயை ஒட்டியே திரியும். அதையெல்லாம் பறிகொடுத்த பிள்ளை இது.

நோய் இருக்கிறதா என்று பார்க்கப் புது விலங்கைத் தனியே வைக்கும் காலம் முடியட்டும், காசநோய், தோல் பரிசோதனைகளும் ஆகட்டும். அப்புறம் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாதுவான ஒரு பெண் சிம்பன்சியை விடுங்கள். வலை வழியே விரல் நீட்டுவதும் பேன் பார்ப்பதும் தொடங்கினால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். பிறகுதான் இரண்டும் ஒரே கூண்டில். வளர்ந்த ஆண்கள் கடைசியில். மாதக்கணக்கில் ஆகும், சரியா?

அதுவரை கைக்கு வேலை கொடுங்கள்: படுக்கை கட்டத் தினமும் புது இலைதழை, குச்சி விட்டு நோண்டித் தின்னும்படி துளையிட்ட கட்டைகள். முடி பிடுங்கும்போது மட்டும் ஓடிப்போய்ப் பழம் நீட்டாதீர்கள்.

இன்னொன்று. உங்களுக்குச் சளி என்றும் எழுதியிருந்தீர்கள். குணமாகும்வரை அதன் பக்கமே போகாதீர்கள். 2013இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் நம் சளிக் கிருமியான ரைனோவைரஸ் தொற்றி 5 சிம்பன்சிகள் இறந்தன.