நெய்வேலி அப்பாவுக்கு ஜெர்மனியின் கடைசிச் சுரங்க ஊரைக் காட்டலாமா?

கேள்வி: நான் டுசெல்டார்ஃபில் வேலை பார்க்கிறேன். செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொலோன் தேவாலயம், ரைன் நதியில் படகு எல்லாம் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அவர் வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான்: "ஜெர்மன்காரங்க சுரங்கத்தைப் பார்க்கணும்." பக்கத்தில் பொட்ரோப் என்ற ஊரில்தான் கடைசிச் சுரங்கம் இருந்ததாகப் படித்தேன். அலுவலகத்தில் கேட்டால், "அங்கே பார்க்க ஒன்றுமே இல்லையே" என்கிறார்கள். அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. அம்மா சுத்த சைவம். ஒருநாளை இதற்கு ஒதுக்கலாமா? சுரங்கத்துக்குள் இறங்க முடியுமா?

பதில்: தாராளமாக ஒதுக்குங்கள். அப்பாவுக்குக் கொலோனைவிட இந்த ஊர் பிடித்துப்போனாலும் ஆச்சரியமில்லை. ஆனால் புறப்படும் முன்பே அவரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பொட்ரோப்பில் சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. ப்ராஸ்பர்-ஹானியல் சுரங்கம் 2018 டிசம்பர் 21 அன்று மூடப்பட்டது. அன்று மேலே வந்த கடைசிக் கரித்துண்டைத் தொழிலாளர்கள் ஜனாதிபதி ஸ்டைன்மயரின் கையில் கொடுத்தார்கள். அத்தோடு ஜெர்மனியில் கருப்பு நிலக்கரி எடுப்பதே முடிந்தது. 1957 வாக்கில் மேற்கு ஜெர்மனியில் சுமார் 6 லட்சம் பேர் செய்த தொழில் இது. கடைசியில் 1,200 மீட்டருக்கும் கீழே போய் வெட்டினார்கள். அவ்வளவு ஆழத்திலிருந்து வரும் கரிக்கு வெளிநாட்டுக் கரியோடு விலையில் போட்டி போட முடியவில்லை. அரசு மானியத்தில்தான் பல வருஷம் ஓடியது. அந்த மானியத்தை 2018-ஓடு நிறுத்துவதென்று 2007-லேயே முடிவெடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றையும் சொல்லி வையுங்கள். அப்பா பார்த்துப் பழகியது பழுப்பு நிலக்கரி, திறந்தவெளிச் சுரங்கம், பிரம்மாண்டமான சக்கர வாளி இயந்திரங்கள். அதே காட்சியை எதிர்பார்த்து வந்தால் பொட்ரோப்பில் ஏமாந்துதான் போவார். அது கொலோனுக்கு மேற்கே, கார்ட்ஸ்வைலர், ஹாம்பாக் பக்கம் இருக்கிறது. அங்கே பார்வை மேடையில் நின்றால், எதிரே ஓடும் இயந்திரம் எந்த வேலையைச் செய்கிறது என்று உங்களுக்கு அவரே விளக்கிச் சொல்வார். நெய்வேலிக்கு வந்த சக்கர வாளி இயந்திரங்களிலும் ஜெர்மன் தயாரிப்பு உண்டு. கையில் கார் இருந்தால் அதைத் தனியாக அரை நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பொட்ரோப் நாளுக்கு வருவோம். பூமிக்கு அடியில் என்ன நடந்தது என்று தெரியாமல் நேராக அந்த ஊரில் போய் இறங்கினால், உங்கள் அலுவலக நண்பர்கள் சொன்னது சரி என்றுதான் தோன்றும். ஓரளவு பெரிய, அமைதியான ஊர். ஒரு கடைத்தெரு, ஒரு சந்தைச் சதுக்கம், நிறைய மரம். அதனால் காலையில் போஹும் நகரத்துக்குப் போங்கள். டுசெல்டார்ஃபிலிருந்து வட்டார ரயிலில் நேராகப் போகலாம். அங்கே யு 35 நகர ரயில் தடத்தில் ஏறினால் ஜெர்மன் சுரங்க அருங்காட்சியகத்தின் பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. கட்டடத்துக்குக் கீழே 20 மீட்டர் அளவு ஆழத்தில் ஒரு சுரங்கம் உண்டு. அங்கே நிஜத்தில் கரி வெட்டியதில்லை. பார்வையாளர்களுக்குக் காட்டுவதற்கென்றே குடைந்த சுரங்கம் அது. ஆனால் உள்ளே நிற்கும் இயந்திரங்கள் அசல். நீண்ட கரிச்சுவரைச் சீவிக்கொண்டே போகும் இயந்திரம், கூரை தலையில் விழாமல் தாங்கும் ஹைட்ராலிக் தாங்கிகள், கூண்டில் வேகமாகக் கீழே இறங்கும் உணர்வைத் தரும் ஒரு அறை எல்லாம் உண்டு. மேலே நிற்கும் பச்சைக் கோபுரம், டார்ட்முண்டின் ஜெர்மானியா சுரங்கத்திலிருந்து பெயர்த்து வந்து நிறுத்தியது. உள்ளே குளிரும், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். அப்பா இயந்திரங்களின் பக்கத்தில் நின்றுவிடுவார், அவசரப்படுத்தாதீர்கள். இரண்டரை மணி நேரமாவது கொடுங்கள்.

இங்கே பலரும் எஸ்ஸனில் உள்ள சோல்ஃபரைன் என்ற பழைய சுரங்க வளாகத்தைத்தான் சிபாரிசு செய்வார்கள். யுனெஸ்கோ 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். 1932-ல் திறந்த அதன் 12-ஆம் சுரங்கக் குழிக்கு (ஷாஃப்ட்) மேலே நிற்கும் கட்டடங்களின் அழகைப் பற்றி இரண்டு கருத்து கிடையாது. இரண்டாவது நாள் கிடைத்தால் கட்டாயம் போங்கள், எஸ்ஸன் ரயில் நிலையத்திலிருந்து 107-ஆம் எண் டிராம் போகிறது. ஆனால் ஒரே ஒரு நாள் என்றால் நான் பொட்ரோப்பைத்தான் சொல்வேன். சோல்ஃபரைன் ஒரு நினைவுச்சின்னம். சுரங்கம் போன பிறகு ஒரு ஊர் எப்படி வாழ்கிறது என்பதை பொட்ரோப்பில்தான் பார்க்க முடியும். அப்பா மாதிரி ஆளுக்கு அதுதானே வேண்டும்.

மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எஸ்ஸன் வழியாக வாருங்கள். எஸ்ஸனிலிருந்து எஸ் 9 ரயிலில் கால் மணி நேரப் பயணம்தான். பொட்ரோப் ரயில் நிலையம் ஊர் நடுவில் இல்லை, அங்கிருந்து பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். முழங்காலை நினைத்து டாக்ஸியே எடுங்கள். முதலில் போக வேண்டிய இடம் டெட்ராஎடர்.

கரியோடு சேர்ந்து கல்லும் மேலே வரும். கடைசிக் காலத்தில், வந்ததில் ஏறக்குறையப் பாதி கல்தான். அதைக் கழுவிப் பிரித்து ஊர் ஓரத்தில் கொட்டிக் கொட்டி எழுந்த குன்றுகளை இங்கே ஹால்டே என்கிறார்கள். பொட்ரோப், எஸ்ஸன், போஹும் எல்லாம் அடங்கிய இந்த ரூர் வட்டாரத்தில் உங்கள் கண்ணில் படும் மேடுகளில் பெரும்பாலானவை இப்படி மனிதன் கொட்டியவை. பெக்ஸ்ட்ராஸ என்ற ஹால்டேயின் உச்சியில் 1995-ல் இரும்புக் குழாய்களால் ஒரு முக்கோணப் பிரமிடு கட்டினார்கள், அதுதான் டெட்ராஎடர். ஒரு பக்கத்தின் நீளம் 60 மீட்டர். கான்கிரீட் தூண்களின் மேல் நிற்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் அந்தரத்தில் நிற்பது போலத் தெரியும். அதற்குள் படிகளும் மூன்று பார்வைத் தளங்களும் உண்டு. கட்டணம் கிடையாது.

குன்றின் சரிவில் நேராக ஏறும் படிக்கட்டில் கிட்டத்தட்ட 400 படிகள். அந்தப் பக்கமே போக வேண்டாம். சுற்றிச் சுற்றி ஏறும் பாதை ஒன்று இருக்கிறது, நிதானமாக நடந்தால் அப்பாவால் முடியும். உச்சியில் பிரமிடுக்குள் ஏறும் படிகள் கம்பி வலைப் படிகள். கால் வைத்தால் கீழே தரை தெரியும், காற்றில் லேசாக ஆடவும் செய்யும். உச்சித் தளத்தைச் சாய்வாகவே அமைத்திருக்கிறார்கள். பலமான காற்றிலும் பனி உறைந்தாலும் பூட்டிவிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் ஏறத்தான் வேண்டும் என்றில்லை, பிரமிடின் காலடியில் நின்றாலே காட்சி முக்கால்வாசி கிடைத்துவிடும். மேலே கடையோ கழிப்பறையோ எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீர் எடுத்துக்கொண்டு, வேறு வேலைகளைக் கீழேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

மேலே நின்று தெற்கே பாருங்கள். எம்ஷர் ஆறு தெரியும், அதை ஒட்டி ரைன்-ஹெர்ன கால்வாய், சுத்திகரிப்பு நிலையத்தின் முட்டை வடிவக் கலன்கள், ஓபர்ஹவுசனில் 117 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பழைய எரிவாயுத் தொட்டி. கரியைச் சூடாக்கி உருக்காலைக்கு வேண்டிய கோக் எரிபொருள் செய்யும் ஆலையும் கண்ணில் படும். உள்ளூர்ச் சுரங்கம் மூடிய பிறகும் அது இறக்குமதிக் கரியில் ஓடியது.

இந்த இடத்தில் அப்பாவிடம் தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள். வேறு யாருக்குச் சொன்னாலும் பாதிதான் புரியும், நெய்வேலிக்காரருக்கு முழுதாகப் புரியும். நெய்வேலியில் கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ராப்பகலாக இறைத்தால்தான் தோண்டவே முடியும். இங்கே தோண்டுவதை நிறுத்திய பிறகும் இறைக்கிறார்கள். காரணம் இரண்டு. கரியை எடுத்த இடம் மேலிருந்து அமுங்கியதில் நிலமும் சேர்ந்து இறங்கிவிட்டது, வட்டாரத்தில் சில இடங்களில் 20 மீட்டருக்கு மேல். வீடு, ரோடு, ஆறு எல்லாம் அதோடு இறங்கின. இப்போது தாழ்ந்து கிடக்கும் பகுதிகளிலிருந்து மழைநீர் தானாக வடியாது, பம்புகள்தான் அதைத் தூக்கி ஆற்றில் விடுகின்றன. பம்பை நிறுத்தினால் உங்கள் கண்ணெதிரே தெரியும் குடியிருப்புகளில் கணிசமான பகுதி ஏரியாகிவிடும். இரண்டாவது, ஆழத்தில் கைவிட்ட சுரங்கங்களில் ஊறும் உப்பும் கனிமமும் கலந்த நீர். அது மேலேறிக் குடிநீரோடு கலந்துவிடக் கூடாது. அதையும் இறைக்க வேண்டும், என்றென்றைக்கும். இந்தச் செலவுகளுக்கென்றே 2007-ல், சுரங்க நிறுவனமான ஆர்.ஏ.ஜி.யின் பெயரில் ஒரு அறக்கட்டளையை அமைத்தார்கள், 2019 முதல் அது பணம் கொடுத்து வருகிறது. முடிவுத் தேதி இல்லாத செலவு அது.

எம்ஷர் ஆற்றின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். நிலம் அசைந்துகொண்டே இருந்த காலத்தில் பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் போட்டால் உடைந்துவிடும். அதனால் ஊர் ஊராக வரும் கழிவுநீரை எம்ஷரிலேயே விட்டு, ஆற்றைக் கான்கிரீட் வாய்க்காலாக்கித் திறந்தவெளியிலேயே ஓடவிட்டார்கள். ஏறக்குறைய நூறு வருஷம் அது இந்த வட்டாரத்தின் சாக்கடை. சுரங்கங்கள் ஓய்ந்த பிறகுதான் டார்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீட்டருக்கு நிலத்தடிக் குழாய் பதிக்க முடிந்தது. 2021 முடிவிலிருந்து எம்ஷரில் கழிவுநீர் விடுவதில்லை. கீழே இறங்கியதும் ஆற்றங்கரைக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள்.

அப்புறம் வெல்ஹைம். 1910-களிலும் 1920-களின் தொடக்கத்திலும் சுரங்கக் குடும்பங்களுக்காகக் கட்டிய தோட்டக் குடியிருப்பு. வளைந்த சின்னத் தெருக்கள், ஒன்றைப்போல் ஒன்று இல்லாத வீட்டு முகப்புகள், ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் காய்கறிக் கொல்லை. அந்தக் காலத்தில் கொல்லையில் ஆடும் பன்றியும் வளர்த்தார்கள், பரணில் பந்தயப் புறா. நெய்வேலி குடியிருப்பில் இத்தனை வருஷம் வாழ்ந்த அம்மாவுக்கு இந்த இடம்தான் பிடிக்கும் என்று நினைக்கிறேன். மெதுவாக நடந்தால் சில சுவர்களில் செங்கல் செங்கலாகப் படிபோல் இறங்கும் விரிசலும், அதை அடைத்துப் பூசிய தடமும் தெரியும். நிலம் இறங்கியதன் அடையாளம் அது. வட்டாரமெங்கும் இப்படிப்பட்ட சேதத்துக்குச் சுரங்க நிறுவனம் நஷ்டஈடு கொடுக்கிறது. ஒரு வேண்டுகோள்: இவை ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். தெருவைப் படம் எடுங்கள், ஜன்னலையும் கொல்லையையும் எடுக்க வேண்டாம். வயதான யாராவது வேலிக்குப் பக்கத்தில் நின்றால் "க்ளூக் ஆஃப்" என்று சொல்லுங்கள். சுரங்கத்துக்குள் இறங்கும்போது சொல்லும் வாழ்த்து, இங்கே இன்றும் வழக்கில் இருக்கிறது. அப்பா எங்கே வேலை பார்த்தார் என்பதையும் ஒரு வரி ஜெர்மனில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் அந்த ஒரு வரிக்கு மரியாதை அதிகம்.

நேரமும் தெம்பும் மிச்சமிருந்தால் ஹானியல் ஹால்டே. இது இன்னும் உயரம், நடையும் நீளம். பாதை நெடுகச் சிலுவைப்பாதை நிலையங்கள், பக்கத்தில் சுரங்கக் கருவிகள். இரண்டாம் ஜான் பால் போப் 1987-ல் இந்தச் சுரங்கத்துக்கு வந்தார். உச்சியில் ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக் கலைஞர் அகுஸ்டின் இபரோலா பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டைகளில் வண்ணம் பூசி நட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கம்பங்கள் நிற்கின்றன. முழங்கால் வலியோடு ஒரே நாளில் இரண்டு குன்று வேண்டாம், நீங்கள் பிறகு தனியாக வந்து பாருங்கள். மழை பிடித்துக்கொண்டால் ஊருக்குள் யோசஃப் ஆல்பர்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. சதுரங்களை மட்டுமே வைத்து வண்ணங்களை வருஷக்கணக்கில் ஆராய்ந்த அந்த ஓவியர் 1888-ல் இங்கே பிறந்தவர்.

நாள் தேர்வில் கவனம் வேண்டும். திங்களன்று அருங்காட்சியகங்களுக்கு விடுமுறை, ஞாயிறன்று கடைகள் அடைப்பு. செவ்வாய் முதல் வெள்ளிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சந்தாச் சீட்டு இருந்தால் இந்த ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் செல்லும், ஐ.சி.இ., ஐ.சி. போன்ற நெடுந்தூர ரயில்களில் மட்டும் செல்லாது. அம்மா அப்பாவுக்கு மாதச் சந்தா தேவையில்லை, ஒருநாள் குழுச் சீட்டு போதும். காகிதச் சீட்டு என்றால் ஏறும் முன் முத்திரை குத்த மறக்காதீர்கள்.

அம்மாவின் சாப்பாட்டுக்குத் துருக்கிக் கடைகள் கைகொடுக்கும். சுரங்க வேலைக்கு 1960-களில் துருக்கியிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள், அவர்கள் குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன. பருப்பு சூப், ஃபலாஃபல், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட ரொட்டி கிடைக்கும். சூப்பை இறைச்சி வேகவைத்த நீரில் செய்தார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். வறுத்த உருளைக்கிழங்கு எல்லா இடத்திலும் உண்டு, அதையும் எந்தக் கொழுப்பில் பொரிக்கிறார்கள் என்று கேளுங்கள். சின்னக் கடைகளுக்குக் கையில் கொஞ்சம் ரொக்கம் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. நிஜச் சுரங்கம் போன்ற ஒன்றுக்குள் நின்றே ஆகவேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால், ரெக்லிங்ஹவுசனில் பயிற்சிச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு ஹால்டேயின் உள்ளேயே அமைத்தது. அங்கே இயந்திரங்களை ஓட்டியே காட்டுகிறார்கள். நினைத்த நேரத்தில் போய் நிற்க முடியாது, முன்பதிவு கட்டாயம். விளக்கம் பெரும்பாலும் ஜெர்மனில்தான், ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே கேளுங்கள். செப்டம்பர் பயணத்துக்கு இப்போதே எழுதிப் போடுவது நல்லது. தேதி கிடைத்துவிட்டால் போஹும் அருங்காட்சியகத்தை விட்டுவிட்டு, காலையில் இங்கே போய்விட்டு மதியம் அதே எஸ் 9 தடத்தில் பொட்ரோப் வந்துவிடலாம்.