மழையில் கேட்கும் காலோசை

அன்புள்ள ஐயா,

‘சிங்கின் இன் தி ரெயின்’ (1952) மழைக் காட்சியை மறுபடி பார்த்தேன். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. ஆனாலும் ஜீன் கெல்லியின் ஒவ்வொரு தட்டும் எண்ணிவிடலாம்போலக் கேட்கிறது. அது நிஜமாகவே அவர் ஆடும்போது எழுந்த ஓசையா? இல்லையென்றால் இந்தப் படங்களில் எதை நம்பி ரசிப்பது? இன்னொன்று: காலணித் தகடுகளால் தரையில் தட்டி ஆடும் டேப் நடனத்தின் அடிப்படை அசைவான ஷஃபிளை வீட்டில் பழகுகிறேன். இரண்டு ஓசை வரவேண்டிய இடத்தில் ‘சர்’ரென்று ஒன்றுதான் வருகிறது. எங்கே தவறு?

எஸ்.கே.

அன்புள்ள எஸ்.கே.,

அந்த ஓசை படப்பிடிப்பில் பதிவானதல்ல. ஆகவும் முடியாது. டேப் காலணியின் அடியில், முன்பாதத்துக்கு ஒன்றும் குதிகாலுக்கு ஒன்றுமாக உலோகத் தகடுகள் இருக்கும். காய்ந்த மரத்தில் பட்டால்தான் அவை கணீரென்று பேசும். தரையில் நீர் தேங்கியிருந்தால் தகடு நீரை அறையும். கிடைப்பது சளப்பென்ற சத்தம். அந்தக் காட்சிக்காகத் தெருத் தளத்தில் பள்ளம் வெட்டியே குட்டைகளை உண்டாக்கினார்கள். மேலே குழாய்களிலிருந்து விழும் மழையின் இரைச்சல் வேறு.

மழை இல்லாத காட்சிகளிலும் பெரும்பாலும் இதுதான் முறை. முதலில் வாத்தியக் குழு பாடலைப் பதிவுசெய்துவிடும். செட்டில் அதை ஒலிபெருக்கியில் போட்டு ஆடுவார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே காலோசையைத் தனியாகப் பிடிக்க வழியில்லை. எனவே படம் எடுத்து முடிந்தபின் ஒலிப்பதிவுக் கூடத்தில் மரப்பலகைமீது நின்று, திரையைப் பார்த்தபடி, காதில் பாட்டைக் கேட்டபடி, அதே தட்டுகளை மறுபடி போடுவார்கள்.

இதை ஏமாற்று என்று தள்ளிவிடாதீர்கள். கணக்கைப் பாருங்கள். பாட்டின் தாளம் நிமிடத்துக்கு 200 தட்டு வேகமென்றால் ஒரு தாளத் தட்டுக்கு 0.3 விநாடி. ஸ்விங் என்ற ஜாஸ் வகை இசையில் அதை நம் திஸ்ர நடைபோல மூன்றாகப் பகுத்து, முதல் ஓசைக்கு இரண்டு பங்கும் அடுத்ததற்கு ஒரு பங்கும் கொடுப்பது வழக்கம். அந்தச் சின்னப் பங்கு 0.1 விநாடி. சினிமாவில் ஒரு ஃப்ரேம் 1/24 விநாடி. ஆக, அது இரண்டரை ஃப்ரேம்கூட இல்லை. இரண்டு ஃப்ரேம் பிசகினாலே காலும் ஓசையும் தனித்தனியாகப் போய்விடும். திரையில் ஓடும் தன் காலோடு இத்தனை நெருக்கமாக மறுபடி இணைவது, முதல்முறை ஆடியதற்குக் குறைந்த வித்தையல்ல.

எப்போதும் ஆடியவரே தட்டினார் என்பதும் இல்லை. நடன நட்சத்திரம் ஜிஞ்சர் ராஜர்ஸின் காலோசையைப் பல படங்களில் தட்டிக் கொடுத்தவர், நடன அமைப்பாளர் ஹெர்மீஸ் பேன். ஆனால் ஆட்டம் ராஜர்ஸுடையதுதான். ‘ஸ்விங் டைம்’ (1936) படத்தின் கடைசி நடனத்தை 47 டேக் எடுத்தார்கள். அவர் காலணிக்குள் ரத்தம் கசிந்தது.

எதை நம்புவது என்று கேட்டீர்கள். உடலை நம்புங்கள். ராஜர்ஸோடு ஆடிய ஃப்ரெட் அஸ்டேர், தன் உருவம் தலைமுதல் பாதம்வரை சட்டகத்துக்குள் இருக்க வேண்டும், வெட்டுகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். முழு உருவம் தெரியும்போது உடல் எடை எந்தக் காலிலிருந்து எந்தக் காலுக்குப் போகிறது என்பதை மறைக்க முடியாது. பாதத்தை மட்டும் அண்மையில் காட்டி, உடனே முகத்துக்குத் தாவும் படத்தொகுப்பில் அந்தச் சான்று போய்விடுகிறது.

‘தி லிட்டில் கர்னல்’ (1935) படத்தில் பில் ராபின்சனின் படிக்கட்டு நடனத்தைப் பாருங்கள். மரத்தால் ஆன அடிப்பாகம் கொண்ட காலணி அவருடையது. குதிகாலை அதிகம் இறக்காமல் முன்பாதத்திலேயே நிற்பார், இடுப்புக்கு மேலே அலட்டலே இருக்காது. அந்தக் கறுப்பினக் கலைஞர் ஆறு வயது வெள்ளையினக் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் கையைப் பிடித்து ஆடினார் என்பதற்காக அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அந்தப் பகுதியை வெட்டித்தான் திரையிட்டார்கள். கறுப்பினக் கலைஞர்களின் நடனங்களைக் கதையோடு ஒட்டாமல் தனித்துண்டாக வைக்கும் வழக்கமே, வெட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று வந்ததுதான். டேப் நடனத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு அவர்களுடையது என்பதை நினைத்தால் இந்த அநியாயம் இன்றும் கொதிக்க வைக்கிறது.

‘ஸ்டார்மி வெதர்’ (1943) படத்தில் நிக்கலஸ் சகோதரர்களும் படிக்கட்டில்தான் முடிக்கிறார்கள். ஒருவர் தலைக்கு மேலாக மற்றவர் தாவி, கீழ்ப்படியில் கால்களை இருபுறமும் விரித்து விழுகிறார். கையை ஊன்றாமல், தொடைகளின் வலுவாலேயே கால்களை இழுத்துச் சேர்த்து எழுகிறார். இதை எந்த ஒலிப்பதிவுக் கூடமும் செய்து தராது.

இனி உங்கள் ஷஃபிள். முன்னே ஒரு உரசல், பின்னே ஒரு உரசல். இரண்டும் முன்பாதத் தகட்டால். இரண்டும் ஒட்டிக்கொள்வதற்கு முதல் காரணம், எடை ஆடும் காலில் இறங்குவது. நிற்கும் காலின் முட்டியை லேசாக மடக்கி, முழு எடையையும் அதில் வையுங்கள். ஆடும் காலை எந்த நொடியும் தரையைவிட்டுத் தூக்க முடிய வேண்டும். இரண்டாவது காரணம், இறுகிய கணுக்கால். காலை முட்டியிலிருந்து ஆட்டுங்கள். கணுக்கால் துவண்டு பின்தொடரட்டும். பாதம் தரையைத் தொட்டதும் விலக வேண்டும். அழுத்தித் தேய்த்தால்தான் அந்தச் ‘சர்’. வீச்சும் சிறிதாக இருக்கட்டும், முன்னும் பின்னும் மூன்று நான்கு அங்குலம் போதும். தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, தட்டுக்கு இரண்டு ஓசையாகப் பழகுங்கள். இரண்டும் ஒரே கனத்தில் கேட்கும்வரை வேகத்தைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் பின்னுரசல்தான் மெலிந்துபோகும்.

சிமென்ட், டைல்ஸ் தரையில் பழகவே வேண்டாம். அதிர்ச்சி முழுவதும் முன்னங்கால் எலும்புக்கே போகும், தகடும் கீறிப்போகும். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் பலகையில் பாதி, 18 மி.மீ. தடிப்பில், அடியில் ரப்பர் விரிப்போடு போதும். இத்தனைக்கும் பிறகு கரகரவென்று ஓர் ஓசை சேர்ந்து வந்தால் தகட்டின் திருகுகளைப் பாருங்கள், ஒன்று தளர்ந்திருக்கும்.